மாணவர் பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்: 60 வாட் 2.1 செட்டா, 12 வாட் 2.0 ஜோடியா?

மேசைமூலை (கேள்வி)

வணக்கம். லேப்டாப்போடு வைக்க ஸ்பீக்கர் வேண்டும். கையில் இருப்பது சுமாரான கீபோர்டும் மவுஸும் சேர்த்து வாங்கும் அளவுத் தொகை. இழுத்துப் பிடித்தால் அதில் இரண்டு மடங்கு வரை போகலாம், அதற்கு மேல் முடியாது.

மேசை 120 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம். பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது. உட்கார்ந்தால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் 60–70 செ.மீ. இருக்கும். பாதி நேரம் பாட வீடியோ, மீதி நேரம் பாட்டு, எப்போதாவது படமும் கேமும். அறையில் இன்னொருவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் உண்டு.

பார்த்து வைத்திருப்பது மூன்று:

1. யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் சின்ன ஜோடி. அட்டையில் "10 வாட்".
2. 2.1 செட், அதாவது இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு அடித்தட்டு ஒலிக்குத் தனி சப்வூஃபர் பெட்டி. அட்டையில் "60 வாட்".
3. அடாப்டரில் ஓடும் மரப்பெட்டி 2.0 ஜோடி (சப்வூஃபர் இல்லாதது), 3 இன்ச் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு). அட்டையில் "மொத்தம் 12 வாட் ஆர்எம்எஸ்".

இரண்டும் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. அதே காசுக்கு 60 கிடைக்கும்போது 12 எதற்கு என்பதுதான் குழப்பம்.

---

அரை_டெசிபெல்

அந்த மூன்று எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. அதனால் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

ஆர்எம்எஸ் என்று போட்டிருந்தால் தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர் என்று ஓரளவு நம்பலாம். வெறும் "வாட்" என்றோ "பிஎம்பிஓ" என்றோ இருந்தால் அது ஒரு கணத்துக்கு வந்துபோகும் உச்சத்தைக் கற்பனையில் கணக்குப் போட்டது. அதற்குப் பொதுவான அளவீட்டு முறை எதுவும் கிடையாது. எளிய சோதனை ஒன்று உண்டு. ஸ்பீக்கரின் அடாப்டரைப் பாருங்கள். அதில் "12 வோல்ட், 1.5 ஆம்பியர்" என்று இருந்தால் உள்ளே போவதே 18 வாட்தான். அதிலிருந்து 60 வாட் தொடர்ந்து வெளியே வர வழியில்லை. அடாப்டர் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், பின்பக்க ஸ்டிக்கரில் மின்சார அளவு போட்டிருக்கும்.

யூஎஸ்பி ஜோடிக்கும் இதே கணக்குதான். யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். யூஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லிஆம்பியர், 4.5 வாட். உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கொஞ்சம் தின்றதுபோக, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 2 வாட் அல்லது 4 வாட் மிஞ்சும். "10 வாட்" என்பது அட்டையில் மட்டும்.

அடுத்து, உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். சின்ன கோன்கள் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 80 டெசிபெல் தரும். தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் இன்னொரு 3 கூடும். ஆக அரை மீட்டரில், பக்கத்துக்கு 1 வாட்டில், 89 டெசிபெல். மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கும் அளவு 70–75 தான். அதற்குச் சராசரியாக ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். பாட்டில் திடீரென்று வரும் அடிகள் சராசரியைவிட 15–20 டெசிபெல் மேலே போகும். அதற்கு 30 முதல் 100 மடங்கு பவர் வேண்டும். அப்படியும் பக்கத்துக்கு 1 முதல் 4 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் மூன்றாவது ஜோடியின் 6+6 வாட் தாராளம்.

பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று காதுக்குத் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரு மடங்காகக் கேட்க 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு பவர் தேவை.

காசு போக வேண்டிய இடம் கோனின் அளவும் பெட்டியும். ஒரே சத்தத்தில் சுருதி ஒரு ஆக்டேவ் கீழே இறங்கினால் (அலைவரிசை பாதியானால்) கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 2 இன்ச் கோனால் அது முடியாது. 120–150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் சத்தம் சரியத் தொடங்கும். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 முதல் 155 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதனால்தான் சின்ன யூஎஸ்பி ஸ்பீக்கரில் பாடம் நடத்துகிறவர் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. நல்ல பெட்டியில் 3 இன்ச் என்றால் 80–100 வரையும், 4 இன்ச் என்றால் 60–70 வரையும் இறங்கும். "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று எல்லா அட்டையிலும் இருக்கும். அதன் பக்கத்தில் "± 3 டெசிபெல்" போல ஒரு வரம்பு போடாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

மூன்றாவதை எடுங்கள். எடுக்கும்முன் கம்பி வலை வழியாக எட்டிப் பாருங்கள். சில மலிவு ஜோடிகளில் ட்வீட்டர் (உயர் ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) மாதிரி தெரிவது வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். பாட்டை ஓடவிட்டு அதை உள்ளங்கையால் மூடுங்கள். உயர் ஒலி மங்கவே இல்லை என்றால் அது பொம்மை. ஒரே கோன் இருப்பது குற்றமில்லை. இல்லாத ட்வீட்டருக்குக் காசு வாங்குவதுதான் குற்றம்.

---

இருட்டரங்கம்

2.1-ஐ இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். படத்தில் வெடிச்சத்தம், கேமில் இன்ஜின் உறுமல் எல்லாம் 40–80 ஹெர்ட்ஸில் இருப்பவை. 3 இன்ச் ஜோடி அதைத் தொடவே தொடாது. சின்ன கோன்களிலிருந்து அந்தச் சுமையை இறக்கிவிட்டால் அவையும் தெளிவாகப் பேசும். ஒழுங்காகச் செய்த 2.1 இருந்தால் அதே மேசைக்கு அதுதான் நல்ல தீர்வு.

---

அரை_டெசிபெல்

> ஒழுங்காகச் செய்த 2.1 இருந்தால்

மறுக்கவில்லை. ஆனால் இந்த விலையில் கிடைப்பது வேறு. பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் 1.5 அல்லது 2 இன்ச் பிளாஸ்டிக் டப்பாக்களாக இருக்கும். அவற்றால் 200-க்குக் கீழே போக முடியாததால் சப்வூஃபரையே 200 ஹெர்ட்ஸ் வரை இழுத்து வேலை வாங்குவார்கள். 80–100 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் சத்தம் வரும் திசை காதுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பாடகரின் குரலில் பாதி மேசைக்கு மேலேயும் பாதி காலடியிலிருந்தும் வரும். இரண்டின் ஒலியும் சேரும் அலைவரிசையில் சத்தம் குறைந்து ஒரு பள்ளம் வேறு விழும்.

இன்னொன்று, சின்ன சப் பெட்டியின் துளை ஒரே ஒரு அலைவரிசையில் கும் என்று பேசும்படி அமைந்திருக்கும். கடையில் கேட்கும்போது இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கி வரும் ஒரு பகுதியைப் போடுங்கள். ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே "டும்... டும்..." என்று கேட்டால் விட்டுவிடுங்கள்.

பழுதாகும் இடத்தையும் கவனியுங்கள். பல 2.1 செட்டுகளில் வால்யூம் குமிழ் தனி வயரில் தொங்கும், அதன் பிளக் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். அந்தக் குமிழ் கரகரத்துப் போனால் மொத்த செட்டும் முடங்கும். சாதாரண ஆர்சிஏ அல்லது 3.5 மி.மீ. சாக்கெட், கழற்றி மாட்டும் வயர், எங்கும் கிடைக்கும் 12 வோல்ட் அடாப்டர் இருப்பவை நீண்ட நாள் உழைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்கிறார். பேச்சின் உயர் ஒலிகளைச் சுவர் தடுத்துவிடும். அடித்தட்டு ஒலியைத் தடுக்காது. தரையில் வைத்த சப் பக்கத்து அறைக்குத்தான் கச்சேரி நடத்தும்.

---

இருட்டரங்கம்

பக்கத்து அறை விஷயம் சரிதான், அதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அப்படியென்றால் இரவில் படம் பார்க்க ஹெட்ஃபோன்தான். முன்பக்கம் ஹெட்ஃபோன் ஜாக் இருக்கும் ஜோடியாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன். பின்னைச் செருகினதும் ஸ்பீக்கர் தானாக நிற்க வேண்டும், எல்லாவற்றிலும் அது நடக்காது.

---

மேசைமூலை

நன்றி. 2.1-ஐ விட்டுவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். செகண்ட் ஹேண்டில் பழைய ஹைஃபை பெட்டி ஜோடிகள் கண்ணில் படுகின்றன, தனியாக ஆம்ப் வேண்டுமாம். அது இந்தத் தொகையில் நடக்குமா? புளூடூத் அவசியமா? சிலர் "லேப்டாப் சார்ஜர் போட்டால் இரைச்சல் வரும்" என்கிறார்களே, அது ஏன்?

---

செம்புக்கம்பி

செகண்ட் ஹேண்ட் பற்றி மட்டும் சொல்றேன். கொஞ்சம் கைவேலைக்குத் தயார்னா, இதே காசுக்கு இதைவிட நல்ல சத்தம் புதுசுல கிடைக்காது.

பெட்டி: பழைய மினி ஹைஃபை செட்டோட ஜோடியா, புக்‌ஷெல்ஃப் ஜோடியா, எதுவானாலும் 4 அல்லது 5 இன்ச் வூஃபர் (அடித்தட்டு ஒலிக்கான பெரிய கோன்), நிஜமான ட்வீட்டர், பின்னாடி சிவப்பு–கருப்பு டெர்மினல், 6 அல்லது 8 ஓம். 1 வாட்டுக்கு 86–88 டெசிபெல் தரும் பெட்டின்னா ஆம்ப் ரொம்பச் சின்னதே போதும். 60 செ.மீ. ஆழ மேசைக்கு 20–22 செ.மீ. ஆழத்துக்கு மேல பெட்டி வேண்டாம், முகத்துல இடிக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது:

கோனைச் சுத்தி இருக்கிற வளையம் ரப்பரா, ஃபோமா? ரப்பர் பல வருஷம் தாங்கும். ஃபோம் பத்து, பதினஞ்சு வருஷத்துல பொடிஞ்சு உதிரும். நகத்தால லேசாத் தொட்டாலே ஒட்டுதுன்னா, இல்ல தூள் வருதுன்னா விட்டுடுங்க. புது வளையம் ஒட்டலாம்தான், ஆனா முதல் வேலையா அது வேண்டாம்.

நாலு விரலைக் கோன்ல சமமா வெச்சு மெதுவா உள்ளே அழுத்துங்க. சத்தமே இல்லாமப் போய்த் திரும்பி வரணும். 'சரக்' னு உரசுச்சுன்னா கோனுக்குப் பின்னாடி இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) வளைஞ்சிருக்கு, இல்ல வெந்திருக்கு.

மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு டெர்மினல்ல தொடுங்க. 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் பெட்டி 3 முதல் 3.5. "8 போட்டிருக்கு, 6 தான் காட்டுது" னு பயப்பட வேண்டாம், மீட்டர் அளக்கிறது டிசி தடை மட்டும். எண்ணே வரலைன்னா காயிலோ உள் வயரோ அறுந்திருக்கு. ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி காட்டணும், அதுதான் முக்கியம். ட்வீட்டரை இந்த முறையில பிடிக்க முடியாது, நடுவுல டிசியை விடாத கெப்பாசிட்டர் இருக்கும். பாட்டு போட்டுக் காதைக் கிட்ட வெச்சுத்தான் பார்க்கணும்.

மீட்டர் இல்லைன்னா ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. பிளஸ்ஸைச் சிவப்புலயும் மைனஸைக் கருப்புலயும் ஒரு நொடி தொட்டு எடுங்க. 'டக்' னு கோன் வெளியே வரணும். ஒரு பெட்டி வெளியே, இன்னொண்ணு உள்ளே போச்சுன்னா யாரோ உள்ளே வயரை மாத்தி வெச்சிருக்காங்க.

ஆம்ப்: டிபிஏ3116 சிப் போட்ட சின்ன கிளாஸ் டி ஆம்ப், உள்ளங்கை அளவுதான். அந்தச் சிப் 4.5 முதல் 26 வோல்ட் வரை ஓடும். 12 வோல்ட்ல 8 ஓமுக்குப் பக்கத்துக்கு 7 வாட் மாதிரி கிடைக்கும், 19 வோல்ட்ல 20 வாட் மாதிரி. அந்த 19 எதுக்குன்னா, பழுதான லேப்டாப்போட சார்ஜர் பலர் வீட்டுல சும்மா கிடக்கும்: 19 வோல்ட், 65 வாட். புதுசா பவர் சப்ளை வாங்க வேண்டாம்.

இங்கே தப்பு நடக்கிற இடங்கள்:

சார்ஜர் பின்னோட உள்பக்கம் பிளஸ்ஸான்னு மீட்டர்ல பார்த்துட்டு மாட்டுங்க. மாத்திக் கொடுத்தா போர்டு அந்த நிமிஷமே போயிடும். நடுவுல ஊசி மாதிரி மெல்லிய பின் நீட்டிட்டு இருக்கிற சார்ஜர் ஆம்ப் சாக்கெட்டுக்கு நேரா பொருந்தாது, ஒதுக்கிடுங்க. டைப் சி சார்ஜர் கேட்காம 5 வோல்ட்டுக்கு மேல தராது. 20 வோல்ட் கேட்டு வாங்கிக் கொடுக்கிற சின்ன டிரிக்கர் போர்டு ஒண்ணு நடுவுல வேணும்.

இந்த ஆம்ப்ல கருப்பு டெர்மினல் எர்த் கிடையாது, ரெண்டு முனையிலயும் சிக்னல் ஓடும். இடது, வலது கருப்பு வயர் ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து முறுக்கினா ஆம்ப் போச்சு. பழைய 2.1 செட்டோட பக்கவாட்டு ஸ்பீக்கர்ல இப்படிப் பொது கருப்பு வயர் இருக்கலாம், அதை இதுல மாட்டாதீங்க.

வயர் 0.75 அல்லது 1 சதுர மி.மீ. செப்பு, பக்கத்துக்கு 2 மீட்டர். தடிமனான 'ஆடியோ வயர்' னு விக்கிறதுக்குக் காசு போட வேண்டாம். நுனியில 1 செ.மீ. தோல் சீவி, இழைகளை முறுக்கிச் செருகுங்க. ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட்.

மாட்டினதும் குரல் நடுவுல கேட்காம ரெண்டு பக்கமும் சிதறி, பேஸ் ஒல்லியா இருந்தா ஒரு பெட்டியோட சிவப்பு–கருப்பு மாறியிருக்கு. ஒரு பக்கம் மட்டும் மாத்திப் பாருங்க. எதுல பேஸ் அதிகமோ அதுவே சரி.

---

பின்னலை

நான் மீதி இரண்டு கேள்விக்கு.

புளூடூத்: அவசியமில்லை, இருந்தால் போனுக்கு வசதி. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி கோடெக்கில் சத்தம் ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிநொடி தாமதமாக வரும். வீடியோ பிளேயர்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளிக்கும். கேமில் அது முடியாது, சுட்டபிறகு சத்தம் வரும். வயர் வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு மீதியைப் பாருங்கள். இன்னொரு தொல்லை ஆட்டோ ஸ்டாண்ட்பை. மெல்லிய சத்தத்தில் பாடம் கேட்டால், சிக்னல் இல்லை என்று நினைத்து ஸ்பீக்கர் தூங்கிவிடும். பேச்சு தொடங்கும்போது முதல் இரண்டு வார்த்தைகளை விழுங்கும். அதை அணைக்க வழி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

"யூஎஸ்பி ஸ்பீக்கர்" என்ற பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. யூஎஸ்பி வயரோடு 3.5 மி.மீ. பின்னும் சேர்ந்து தொங்கினால் பெரும்பாலும் யூஎஸ்பி வெறும் கரண்டுக்கு, ஒலி 3.5 மி.மீ. வழியாகத்தான் போகிறது. யூஎஸ்பி மட்டும் இருந்தால் சவுண்ட் கார்டு ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது.

இரைச்சல்: எந்த மாதிரிச் சத்தம் என்பதை வைத்தே காரணத்தைப் பிரிக்கலாம்.

தாழ்ந்த 'ம்ம்ம்' என்ற ரீங்காரம், சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது என்றால் அது கிரவுண்ட் லூப். லேப்டாப் சார்ஜர் ஒரு வழியாக எர்த்தைத் தொடுகிறது, ஸ்பீக்கரின் பவர் இன்னொரு வழியாகத் தொடுகிறது. ஆடியோ வயரின் கிரவுண்ட் இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்குகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் காதில் விழுகிறது. முதல் வேலை, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. பாதிப் பேருக்கு அதோடு தீரும். தீராவிட்டால் 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று நடுவில் போடுங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் இருக்கும். மலிவானது பேஸைக் கொஞ்சம் தின்னும், ஆனால் 3 இன்ச் ஜோடியில் அது பெரிதாகத் தெரியாது. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் அறிவுரை இணையத்தில் நிறையக் கிடைக்கும். ரீங்காரம் நிற்கும், கூடவே ஷாக்கிலிருந்து காக்கும் வழியும் போய்விடும். செய்யவே கூடாது.

மவுஸை நகர்த்தினால், ஃபைல் திறந்தால் 'கீ... ஈ...' என்று மாறி மாறி வரும் சத்தம் வேறு. யூஎஸ்பியில் கரண்ட் எடுத்து, ஒலியை 3.5 மி.மீ. வழியாக எடுக்கும் ஜோடிகளின் பிறவிக் குணம் இது. யூஎஸ்பி கிரவுண்டில் கம்ப்யூட்டரின் வேலைச் சத்தம் எல்லாம் கலந்திருக்கும். ஸ்பீக்கரின் யூஎஸ்பி முனையை லேப்டாப்பிலிருந்து எடுத்து, தனி இரண்டு பின் போன் சார்ஜரில் செருகிப் பாருங்கள். வளையம் அறுந்து சத்தம் அடங்கும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகுங்கள். முன்பக்க வயர் கேபினெட்டுக்குள் நீளமாக ஓடி எல்லா இரைச்சலையும் பொறுக்கிக்கொண்டு வரும்.

எதுவும் செருகாமலே 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தால் அது ஆம்பின் சொந்த இரைச்சல். ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் இடத்தில் தெரியாது, 60 செ.மீ. தூரத்தில் நள்ளிரவில் எரிச்சலாக இருக்கும். குறைக்க ஒரே வழி: லேப்டாப் வால்யூமை 80–100 சதவீதத்தில் வைத்து, ஸ்பீக்கர் குமிழைத் தாழ்த்தி வைப்பது. பலர் தலைகீழாக வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திட்டுகிறார்கள். குமிழை ரொம்பவும் தாழ்த்தினால் மலிவு ஜோடிகளில் ஒரு பக்கம் மட்டும் மெலியும், அப்போது லேப்டாப்பை 60-க்கு இறக்கிக் குமிழைச் சற்றே ஏற்றுங்கள்.

செம்புக்கம்பிக்கு ஒரு சேர்க்கை: மூன்று பின் லேப்டாப் சார்ஜரை ஆம்புக்குப் போட்டால் அங்கேயும் இதே கிரவுண்ட் லூப் வரும். இரண்டு பின் உள்ளது கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது.

---

அரை_டெசிபெல்

வைக்கும் இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சுவரை ஒட்டிய மேசை என்றால் பாதி விஷயம் அதில்தான்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 65–70 செ.மீ., ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் அதே தூரம். லேப்டாப் நடுவில். ஸ்பீக்கரின் முகம் காதைப் பார்க்க வேண்டும். மேசையில் தட்டையாக வைத்தால் அது நெஞ்சைத்தான் பார்க்கும்; உயர் ஒலி கீழேயே போய்விடும், மேசைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதிக் குரலைக் குழப்பும். முன்பக்க அடியில் ரப்பர் கட்டையோ மடித்த பழைய மவுஸ் பேடோ வைத்து மேலே சாய்த்துவிடுங்கள். 15 செ.மீ. உயர்த்த முடிந்தால் இன்னும் மேல். தடிமனான புத்தகங்கள் போதும்.

பெட்டியின் முதுகு சுவரை நெருங்க நெருங்க அடித்தட்டு ஒலி கூடும், 6 டெசிபெல் வரை போகலாம். மூலையில் இன்னும் அதிகம். 3 இன்ச் ஜோடிக்கு இந்தக் கூடுதல் கொஞ்சம் வரமே. ஆனால் ஒரு ஸ்பீக்கர் மூலையிலும் மற்றது வெட்டவெளியிலும் இருந்தால் சத்தம் ஒருபக்கமாகச் சாயும். துளை பின்பக்கம் இருந்தால் 8–10 செ.மீ. இடைவெளி விடுங்கள். வாங்கும்முன் இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் வயரின் நீளத்தையும் பாருங்கள். சிலவற்றில் பிரிக்க முடியாத 1 மீட்டர் வயர்தான் இருக்கும். மேசைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோக அது பத்தாது.

பிறகு ஈக்வலைசர், அதாவது ஒவ்வொரு அலைவரிசையின் சத்தத்தையும் தனியாக ஏற்றி இறக்கும் மென்பொருள். விண்டோஸில் "ஈக்வலைசர் ஏபிஓ", லினக்ஸில் "ஈசிஎஃபெக்ட்ஸ்", இரண்டும் இலவசம். பேஸை ஏற்றத்தான் கை போகும். அது தப்பு: 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்பிடம் பத்து மடங்கு பவர் கேட்கிறீர்கள், கோன் முட்டி உடைந்த சத்தம் வரும். செய்ய வேண்டியது எதிர்த்திசையில். 3 இன்ச் ஜோடிக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போடுங்கள், 2 இன்ச் என்றால் 120-ல். அதற்குக் கீழே கோன் வீணாக ஆடிக்கொண்டிருந்தது நின்று, மேலே உள்ளது தெளியும். கூடுதல் சத்தமும் தாங்கும். சுவரும் மேசையும் சேர்ந்து குரலைக் கும்மென்று ஆக்கினால் 150–200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 அல்லது 4 டெசிபெல் குறையுங்கள். எங்காவது ஏற்றியே ஆக வேண்டுமென்றால், ஏற்றிய அளவுக்கு அதே மென்பொருளில் உள்ள ப்ரீஆம்பை (மொத்தச் சத்த அளவை) குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்னலே நறுக்கப்படும். சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் "பேஸ் பூஸ்ட்", "சரவுண்ட்" வகையறாக்களை முதலில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

---

மேசைமூலை

மூன்றாவது ஜோடியையே எடுத்து, சொன்னபடி சாய்த்து வைத்தாயிற்று. பேச்சு நன்றாகக் கேட்கிறது. ஆனால் சில நேரம் பாட்டில் பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இசை மட்டும் கேட்கிறது. வயரைத் தொட்டால் திரும்ப வருகிறது. ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

---

பின்னலை

வேண்டாம், பின் முழுதாக உட்காரவில்லை. 3.5 மி.மீ. பின்னில் கிரவுண்ட் தொடர்பு மட்டும் விட்டுப்போனால், இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். பாடகர் குரலை இரண்டு பக்கத்திலும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள். அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும், மீதி இசையும் எதிரொலியும் தங்கும்.

லேப்டாப்புக்கு மேலுறை போட்டிருக்கிறீர்களா? அதன் விளிம்பு ஜாக்கைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடித்திருந்தாலே பின்னின் தடித்த பிளாஸ்டிக் பகுதி முட்டி நிற்கும். உறையைக் கழற்றி, 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். அப்படியும் வந்தால் ஜாக்குக்குள் பஞ்சு அடைத்திருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள், உலோக ஊசி வேண்டாம். அதன்பிறகும் போகவில்லை என்றால் இன்னொரு வயரைப் போட்டுப் பாருங்கள். வயர் மாற்றியதும் சரியானால் பழைய வயரின் பின் கழுத்தில் உள்ளே அறுந்திருக்கிறது. மாறவில்லை என்றால் லேப்டாப்பின் ஜாக் தளர்ந்துவிட்டது. அதற்கு ஒரு யூஎஸ்பி சவுண்ட் டாங்கிள் போதும், ஸ்பீக்கரைத் தொட வேண்டியதில்லை.